ராஜா பக்கமா, ராணி பக்கமா: எந்தப் பக்கம் கோட்டை கட்டுவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

மூன்றாம் மேசை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் 35 வயதுக்குப் பிறகு போட்டிச் சதுரங்கத்துக்கு வந்தவன். கற்றுக்கொடுத்தவர்கள் எல்லோரும் முதல் பத்து நகர்த்தல்களுக்குள் ராஜா பக்கம் கோட்டை கட்டிவிட வேண்டும் (ராஜாவை யானைப் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, அந்த யானையை ராஜாவின் மறுபுறம் வைத்துவிட வேண்டும்) என்று சொன்னதால், எதிராளி என்ன ஆடினாலும் நான் அதைத்தான் செய்துவந்தேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த ஒருநாள் போட்டியில் அடுத்தடுத்து வாங்கிய மூன்று அடிகளுக்குப் பிறகு எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது.

முதல் ஆட்டத்தில் நான் வெள்ளை, இத்தாலியத் தொடக்கம். இரு பக்கமும் இ சிப்பாயும் குதிரையும் வந்து, பிஷப்புகள் சி4, சி5 கட்டங்களில் நின்றபின், நான்காவது நகர்த்தலிலேயே கோட்டை கட்டினேன். ஐந்தாவதாக டி3, ஆறாவதாக பிஷப்பை ஜி5-க்குக் கொண்டுபோய் அவருடைய எஃப்6 குதிரையைக் கட்டிப்போட்டேன். அவர் எச்6 ஆடினார். நான் எச்4-க்குப் பின்வாங்கினேன். ஜி5 வந்தது. ஜி3-க்குப் போனேன். எச்5 வந்தது. பிஷப் அகப்பட்டுவிடக் கூடாதே என்று எச்3 தள்ளினேன். அதற்குப் பிறகு அவருடைய சிப்பாய்கள் என் ராஜாவின் வாசலிலேயே வந்து நின்றன. அவர் கடைசிவரை கோட்டை கட்டவே இல்லை.

அந்தக் கோபத்தில் அடுத்த ஆட்டத்தில் ராணி பக்கம் கட்டினேன். எதிராளி சிசிலியன் டிராகன் என்ற தற்காப்பை ஆட, நான் அதற்கு எதிரான யூகோஸ்லாவ் தாக்குதலை எடுத்தேன். பத்தாவது நகர்த்தலில் என் ராஜா சி1-க்குப் போயிற்று. பதினொன்றாவதில் என் பிஷப் பி3-க்குப் பின்வாங்க, அவருடைய குதிரை இ5-க்கு வந்தது. அதன்பின் நடந்ததை அப்படியே தருகிறேன்: 12 எச்3, குதிரை சி4. 13 பிஷப் அக்குதிரையை வெட்ட, அவருடைய யானை பிஷப்பை வெட்டியது. 14 ஜி4, ராணி ஏ5. 15 ராஜா பி1, மற்றொரு யானை சி8. 16 எச்4, யானை சி3-இல் இருந்த என் குதிரையை வெட்டியது. நான் பி சிப்பாயால் திருப்பி வெட்டினேன். எட்டு நகர்த்தல்களுக்குப் பிறகு கைகொடுத்து எழுந்தேன்.

மூன்றாவதில் வேறொரு சிக்கல். என் பி சிப்பாய் ஏற்கெனவே போய்விட்டிருந்தது, எதிராளியின் யானை பி8-இல் நின்று பி1 கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் ராணி பக்கம் கோட்டை கட்டி முடித்ததும், யானை தாக்குதலுக்கு உட்பட்ட கட்டத்தைத் தாண்டியது என்றும் அது செல்லாது என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். நான் நடுவரை அழைக்காமல் காய்களைத் திருப்பி வைத்து, ராஜாவை எஃப்1-க்கு நகர்த்தினேன்.

எந்தப் பக்கம் என்பதை நீங்கள் எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்?

பழைய பலகை

வணக்கம் நண்பரே. நகர்த்தல்களை எழுதி வைத்துக் கேட்டதற்கு நன்றி. பெரும்பாலோர் தோற்றதை மட்டும் சொல்லிவிட்டுத் தோற்ற வழியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

முதல் ஆட்டத்தில் நீங்கள் கட்டிய பக்கம் தவறில்லை, கட்டிய நேரமும் தவறில்லை. கட்டியதற்குப் பிறகு ஜி5-க்குப் போன பிஷப்தான் தவறு. கறுப்பு ராஜா ஏற்கெனவே ஜி8-இல் இருந்திருந்தால், எச்6-உம் ஜி5-உம் தள்ளுவது தன் வீட்டுக் கூரையைத் தானே பிரிப்பதற்குச் சமம், அதனால் அங்கே உங்கள் பிஷப் நிம்மதியாக நிற்கும். அவர் ராஜா இ8-இல் இருக்கும்போதோ அந்தச் சிப்பாய்களுக்கு யாரையும் காக்கும் பொறுப்பு இல்லை, அவை ஓடிவருவதற்குத் தடையும் இல்லை. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதை நான்காவது நகர்த்தலில் அறிவித்துவிட்டீர்கள், அவர் அறிவிக்கவில்லை. அந்த வேறுபாட்டை ஆறாவது நகர்த்தலில் மறந்துவிட்டீர்கள்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. 1874-இல் க்னோரே என்ற வானியலாளர் ரஷ்ய ஆட்டக்காரர் சிகோரினுக்கு எதிராக எச்5 வரை இதே நகர்த்தல்களை ஆடி, ஒன்பதாவதாகக் குதிரையால் ஜி5 சிப்பாயை வெட்டினார். சிகோரின் எச்4 தள்ள, அக்குதிரை எஃப்7-இல் புகுந்து, பிறகு டி8-இல் இருந்த ராணியையே வெட்டியது. ராணியை விட்டுக்கொடுத்த சிகோரினோ பிஷப்பை ஜி4-க்கும் குதிரையை டி4-க்கும் கொண்டுவந்து, குதிரையை எஃப்3-இல் பலி கொடுத்து, அங்கே பிஷப்பை நிறுத்திப் பதினான்கு நகர்த்தல்களில் வென்றார். அந்தக் கடைசி நிலையை ஒருமுறை பலகையில் அடுக்கிப் பாருங்கள். வெள்ளை ராஜா ஜி1-இல் இருக்கிறது, எஃப்3 பிஷப் எச்1, ஜி2 இரண்டையும் மூடிவிட்டது, எச்8-இல் ஒரு முறைகூட அசையாத யானை பாதி திறந்த எச் வரிசையைப் பார்க்கிறது. கோட்டை கட்டியிருந்தால் அந்த யானை எஃப்8-இல் அல்லவா நின்றிருக்கும்!

ஆறாவது நகர்த்தலில் பிஷப்புக்குப் பதிலாக சி3 ஆடி, டி4-க்கு ஆயத்தமாக இருந்திருக்கலாம். ஓரத்தில் சிப்பாய்களை ஓட்டுபவருக்கு நடுப்பலகையில்தான் பதில் சொல்ல வேண்டும். நடு திறந்துவிட்டால், கோட்டை கட்டாமல் இ8-இல் நிற்கும் ராஜாதான் முதலில் அகப்படும்.

இப்போது இரண்டாவது ஆட்டம், இதில்தான் உங்கள் கேள்விக்கு நேரான விடை இருக்கிறது. பக்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் எங்கே பத்திரம் என்று மட்டும் கேட்கிறார்கள். நான் முதலில், எந்தச் சிப்பாய்களை முன்னே தள்ளப்போகிறேன் என்று கேட்பேன். தள்ளப்போகும் சிப்பாய்களுக்குப் பின்னால் ராஜா நிற்கக் கூடாது. அடுத்ததாக, எதிராளியின் வீட்டில் கொக்கி மாட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். டிராகனில் கறுப்பு ஜி6 ஆடிவிட்டதால் உங்கள் எச் சிப்பாய்க்கு மோத ஓர் இடம் கிடைக்கிறது: எச்4, எச்5, பிறகு ஜி6-இல் வெட்டு, வரிசை திறந்துவிடும். உங்கள் பக்கத்தில் ஏ2, பி2, சி2 மூன்றும் அசையாமல் இருப்பதால் அவருடைய சிப்பாய்களுக்கு மோத இடமே இல்லை. ஆனால் சி வரிசை மூன்றாவது நகர்த்தலிலேயே அவருக்குப் பாதி திறந்துவிட்டது, அவர் சிப்பாய் தள்ள வேண்டிய தேவை இல்லை, யானையைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும். ஆகவே இது ஓட்டப் பந்தயம். உங்கள் கணக்கு மூன்று நகர்த்தல்கள், அவர் கணக்கும் ஏறத்தாழ அவ்வளவே. இங்கே நீங்கள் எச் சிப்பாயை முதலில் எச்3-க்கும், நான்கு நகர்த்தல்கள் கழித்து எச்4-க்கும் நகர்த்தினீர்கள். ஒரே தாவலில் போகக்கூடிய இடத்துக்கு இரண்டு முறை நடந்து போயிருக்கிறீர்கள்.

இதன் விலை என்ன என்பதை 1974-இல் உலகப் பட்டத்துக்கு மோதுபவரைத் தேர்ந்தெடுக்க மாஸ்கோவில் நடந்த கார்ப்பவ்–கோர்ச்னோய் மோதலின் இரண்டாவது ஆட்டம் காட்டுகிறது. நகர்த்தல்களின் முறை சற்று மாறியிருந்தாலும், 13-ஆவது நகர்த்தல் முடிந்ததும் வந்த நிலை அப்படியே உங்கள் நிலைதான், எச் சிப்பாய் மட்டும் எச்3-இல் இல்லாமல் எச்4-இல் இருந்தது. கார்ப்பவ் 14-ஆவதாக எச்5 தள்ளிச் சிப்பாயை இனாமாகக் கொடுத்தார். கோர்ச்னோயின் குதிரை அதை வெட்டியதும் 15-ஆவதாக ஜி4 வந்தது. அதே ஜி4-ஐ நீங்களும் ஆடினீர்கள், ஆனால் உங்களுடையது எதையும் தாக்கவில்லை, அவருடையது எச்5 குதிரையைத் தாக்கியபடி வந்ததால் நேரச் செலவே இல்லை. பதினைந்தாவது நகர்த்தலில் அவருக்கு எச் வரிசை திறந்துவிட்டது, பதினாறாவதில் உங்களுடைய சிப்பாய் அப்போதுதான் எச்4-க்கு வருகிறது.

அதோடு, கார்ப்பவ் தாக்குதலில் மட்டும் கண்ணாக இருக்கவில்லை. 16-ஆவதாக டி4 குதிரையை இ2-க்கு இறக்கி சி3-ஐத் தாங்கினார். எச்6-இல் பிஷப்புகளை மாற்றிக்கொண்டு ராணியை அங்கே நிறுத்தியபின், 19-ஆவதாக யானையை டி3-க்கு உயர்த்தி சி3-க்கு இன்னொரு காவல் போட்டார். முதற்பார்வைக்கு மந்தமாகத் தெரியும் அந்த யானை நகர்த்தல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. உங்களை வீழ்த்திய அதே யானைப் பலியை அது முன்கூட்டியே அணைத்ததோடு, இ2 குதிரையை எஃப்4-க்குப் போக விடுவித்தது. ராஜாவை பி1-க்கு நகர்த்தவும் அவர் நேரம் செலவிடவில்லை. 27-ஆவது நகர்த்தலில் ராணி எச்8-இல் செக் வைக்க, ஆட்டம் முடிந்தது.

நடுவர் நாற்காலி

மூன்றாவது ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். நீங்கள் கட்டிய கோட்டை விதிப்படி செல்லும். ராஜா செக்கில் இருக்கக் கூடாது, தாக்கப்படும் கட்டத்தைக் கடக்கக் கூடாது, தாக்கப்படும் கட்டத்தில் போய் நிற்கக் கூடாது. இந்த மூன்றும் ராஜாவுக்கு மட்டுமே உரியவை. ராணி பக்கம் கட்டும்போது ராஜா டி1 வழியாக சி1-க்குப் போகிறது, பி1-ஐ அது தொடுவதே இல்லை. யானை பி1-ஐத் தாண்டலாம், யானையே தாக்கப்பட்டுக்கொண்டிருந்தாலும் கட்டலாம்.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மேலே நண்பர் குறிப்பிட்ட அதே 1974 மோதலின் 21-ஆவது ஆட்டத்தில், தன் யானை தாக்கப்படும்போது கோட்டை கட்டலாமா என்று கோர்ச்னோயே நடுவரிடம் எழுந்து கேட்டார். உலகப் பட்டத்துக்கான வாசலில் நின்றவர் அவர். கட்டலாம் என்று தெரிந்ததும் கட்டி, 19 நகர்த்தல்களில் அந்த ஆட்டத்தை வென்றார். நீங்களும் கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைத்திருக்க வேண்டும். சரியாகக் கட்டி முடித்த கோட்டையைத் திருப்பி வைத்து வேறு நகர்த்தல் ஆட உங்களுக்கும் உரிமை இல்லை, அதைக் கேட்க அவருக்கும் உரிமை இல்லை.

இன்னொன்று: முதலில் ராஜாவைத் தொடுங்கள், ஒரே கையால் இரண்டு காய்களையும் நகர்த்துங்கள். யானையை முதலில் தொட்டுவிட்டால், எதிராளி முறையிடும்போது அந்த நகர்த்தலில் அந்தப் பக்கம் கட்ட முடியாமல் போகும். உள்ளூர்ப் போட்டிகளில் வாரத்துக்கு ஒரு முறையாவது இந்தத் தகராறைத் தீர்த்துவைக்கிறேன்.

விதி ஒரு புறம் இருக்கட்டும். பி சிப்பாய் போய், அந்த வரிசையில் எதிராளியின் யானை நிற்கும்போது, ராஜாவை எதற்காக அங்கே அனுப்பினீர்கள்? உங்கள் எதிராளி உங்களைத் தடுத்து உங்களுக்கு உதவிதான் செய்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

வெள்ளைக் கட்டம்

பழைய பலகை சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. நகர்த்தல்களை எண்ணுவது, கொக்கி பார்ப்பது எல்லாம் சரிதான், ஆனால் அரை மணி நேரக் கடிகாரத்தில் ஆடும் ஒருவருக்கு எதிரெதிர்ப் பக்கங்களில் கோட்டை கட்டும் ஆட்டங்களைப் பரிந்துரைப்பது, நீச்சல் பழகுபவரை ஆற்றுச் சுழலில் இறக்குவது போன்றது. ராஜா ஜி1-இல் இருந்தால் எஃப்2, ஜி2, எச்2 மூன்று சிப்பாய்களையும் தானே காக்கிறது. சி1-இல் இருந்தால் ஏ2 அநாதையாகிவிடுகிறது, அதைக் காக்க ராஜா பி1-க்குப் போக இன்னொரு நகர்த்தல் வேண்டும். ராணி பக்கம் கட்ட ராணியும் நகர வேண்டியிருப்பதால் தொடக்கத்திலும் ஒரு நகர்த்தல் கூடுதல். இரண்டும் வரி கட்டுவது மாதிரி, வாங்கும் பொருளின் விலையில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எதிரெதிரே கட்டினால் தாக்குதல் நடந்தே தீரும் என்பதும் உண்மையில்லை. 1995-இல் நியூயார்க்கில் நடந்த உலகப் பட்ட மோதலில், காஸ்பரோவுக்கு எதிரான பதினொன்றாவது ஆட்டத்தில் நம் ஆனந்த் இதே டிராகனைச் சந்தித்து, ராணி பக்கம் கட்டினார், எச்4-உம் ஆடினார். காஸ்பரோவ் உடனே எச்5 ஆடி அந்தச் சிப்பாயை நின்ற இடத்திலேயே நிறுத்தினார். இருபதாவது நகர்த்தலில் ராணிகள் இரண்டும் பலகையை விட்டுப் போயின. அதற்குப் பிறகு பெரிய ஆபத்து இல்லாத நிலையில் ஆனந்தின் குதிரை ஒரு தவறான பயணம் போக, 31-ஆவது நகர்த்தலில் ஒரு யானைத் தந்திரத்தில் ஆட்டம் முடிந்தது. ராஜா அப்போது ஏ3-இல் நின்றது. தாக்குதலுக்காக ராணி பக்கம் கட்டினாலும், தாக்குதல் வராமலே போகலாம்.

என் பரிந்துரை: இன்னும் ஓராண்டுக்கு ராஜா பக்கமே கட்டுங்கள், ஆனால் கட்டியபின் பிஷப்பை எதிராளியின் சிப்பாய்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள்.

பழைய பலகை

கடைசி வாக்கியத்தை முழுமனதாக ஏற்கிறேன். மற்றதில் ஒரு திருத்தம். காஸ்பரோவின் எச்5 தாக்குதலை நிறுத்தியது உண்மை, ஆனால் அதனால் ஜி5 கட்டம் வெள்ளைக்குக் கிடைத்தது, ஜி4 தள்ளி அதை உடைக்கும் வழியும் திறந்தே இருந்தது. ராணிகள் போனபின் ராஜா எந்தப் பக்கம் இருக்கிறது என்ற கேள்வியே தன் எடையை இழந்துவிடுகிறது, அதனால் அந்த ஆட்டத்தின் தோல்வியைக் கோட்டையின் தலையில் கட்ட முடியாது. இதற்கு இன்னும் தெளிவான சான்று, கறுப்புக் காய்களுக்கான பெர்லின் தற்காப்பு என்ற தொடக்கம். எட்டாவது நகர்த்தலில் வெள்ளை ராணி டி8-இல் கறுப்பு ராணியை வெட்ட, கறுப்பு ராஜா திருப்பி வெட்டிக் கோட்டை கட்டும் உரிமையையே இழக்கிறது. 2000-இல் லண்டனில் நடந்த உலகப் பட்ட மோதலில் கிராம்னிக் அதை ஒரு சுவர் மாதிரி எழுப்பினார், அந்த மோதல் முழுவதிலும் காஸ்பரோவால் ஓர் ஆட்டத்தைக்கூட வெல்ல முடியவில்லை. அங்கே ராணிகள் இல்லாததால் நடுவில் நின்ற ராஜாவை மிரட்ட ஆளில்லை.

பேச்சோடு பேச்சாக ஒன்று. என் தாத்தா கற்றுக்கொடுத்த ஆட்டத்தில் கோட்டை கட்டுவதே கிடையாது. ராஜா செக் வாங்காதவரை, ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரைபோலப் பாயலாம். எப்போது பாய்வது, எந்தப் பக்கம் பாய்வது என்று அவர் பத்து நிமிடம் யோசிப்பார். பாட்டி சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்துவர மாட்டார்.

மூன்றாம் மேசை

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு டிராகன் ஆட்டத்தை மறுபடியும் அடுக்கினேன். என் மகள் எதிரே உட்கார்ந்து, வெள்ளை எச் சிப்பாய்க்கு வலக்கை விரல்களும் கறுப்பு யானைகளுக்கு இடக்கை விரல்களுமாக எண்ணினாள். 12-ஆவதில் எச்3 வைத்த இடத்தில் அவள் நிறுத்தி, "அப்பா, இது எதுக்கு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஜி4-க்குத் துணையாக இருக்கட்டும் என்று ஆடியதாக நினைவு, ஆனால் அந்த ஜி4-உம் எதையும் தாக்கவில்லை என்பது பழைய பலகை ஐயா சொன்ன பிறகுதான் உறைத்தது.

பி வரிசை பற்றி நடுவர் கேட்டதற்கு நேர்மையான பதில்: முந்தைய ஆட்டங்களின் எரிச்சலில் வேறு பக்கம் கட்ட வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம். கறுப்புக் காய்களுக்கு நான் காரோ–கான் என்ற தற்காப்பை ஆடுகிறேன். வெள்ளை எச் சிப்பாய் எச்5 வரை வந்து, என் எச்6 சிப்பாயை முடக்கி, டி3-இல் பிஷப்புகள் மாறி, வெள்ளை ராணி பக்கம் கட்டும் அந்த வழக்கமான நிலையில், ராணியை சி7-க்குக் கொண்டுவந்து நானும் ராணி பக்கம் கட்டுவதா, அல்லது ராஜா பக்கமா?

பழைய பலகை

இரண்டும் ஆடப்படுபவைதான். முன்பு பெரும்பாலும் ராணி பக்கம் கட்டினார்கள், பிறகு ராஜா பக்கம் கட்டுவதும் வழக்கமாகிவிட்டது. ராணி பக்கம் கட்டினால் இருவரும் ஒரே பக்கம், பத்திரம் கூடுதல், ஆனால் வெள்ளைக்கு நடுவில் இடம் அதிகம், நீங்கள் நெடுநேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

ராஜா பக்கம் கட்டினால் உங்கள் எச்6 அவருக்குக் கொக்கி, ஜி4, ஜி5 என்று இரண்டே தாவலில் வந்து மோதுவார். ஆனால் ஜி3-இல் அவருடைய குதிரை நிற்கிறதே, அது வழிவிட்டால்தான் ஜி4 நடக்கும். அது இ4-க்கு வந்து உங்கள் எஃப்6 குதிரையோடு மாறிக்கொள்ள எடுக்கும் நேரத்தில் உங்கள் சி5 வந்துவிட வேண்டும். மகளை மறுபடியும் உட்கார வைத்து விரல்விடச் சொல்லுங்கள்: வலக்கையில் குதிரை, ஜி4, ஜி5, இடக்கையில் சி5, டி4-இல் வெட்டு, சி8-க்கு யானை.

வெள்ளைக் கட்டம்

அரை மணி நேர ஆட்டம் என்றால், ராணி பக்கம்.